படியில் நாய், டயரியில் பூட்டு

ஒன்றரை வருஷம் மருத்துவமாது பயிற்சி எடுத்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தால் என்ன செய்யணும், தாய்க்கு வலிப்பு வந்தால் என்ன செய்யணும், பச்சைப்பிள்ளையைத் துணியில் போட்டு எப்படி நிறுக்கணும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு கறுப்புப் பை, ஒரு தொங்கு தராசு, ஒரு டயரி என்று கையில் தந்தார்கள். நாயைப் பற்றி ஒருத்தராவது வாய் திறக்கணுமே! முதல் நாள், முதல் வீட்டுக்குப் போகும் வழியிலேயே நாய் துரத்தியது.

வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வீடு என்றால், குறைந்தது ஆறு நாய். இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பிரஷரைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ இல்லை. "மிஸ், நாய்க்கு என்ன செய்வீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை தராத ஒரு சங்கதியும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

1. "பஹின்ன மிஸ்!"

முதல் போஸ்டிங் மகியங்கனைப் பக்கம். மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சமதரை வேறு நாடு மாதிரி இருந்தது. வயல், வாய்க்கால், நீட்டு ரோடு, மண்டையைப் பிளக்கிற வெயில். அங்கே எல்லாரும் சைக்கிள். எங்கள் தோட்டத்தில் எவள் சைக்கிள் ஓட்டினாள்? ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் பள்ளத்தில்தான் போய் நிற்கும். ஒரு வாரம் விழுந்து எழும்பிப் பழகிக்கொண்டு புறப்பட்டேன்.

வாய்க்கால் ஓரத்து வீடொன்றிலிருந்து ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. நான் என்ன செய்வேன்? மிதித்தேன். நான் வேகமாக மிதிக்க மிதிக்க அதுவும் வேகமாக வருகிறது. என் குதிகாலுக்கும் அதன் வாய்க்கும் ஒரு சாண்தான் இருந்திருக்கும். அந்த வீட்டு அம்மா ஓடி வந்து சிங்களத்தில் கத்துகிறார்: "பஹின்ன மிஸ், பஹின்ன!" இறங்கு, இறங்கு என்கிறார். நாய் துரத்தும்போது இறங்கச் சொல்கிறாரே, இந்தம்மாவுக்குக் கிறுக்கா என்று நினைத்துக்கொண்டு இன்னும் மிதித்தேன். சாரி சங்கிலியில் மாட்டியது. நானும் சைக்கிளும் பையும் தராசும் வாய்க்காலுக்குள் போனோம்.

எழுந்து பார்த்தால் நாய் கரையில் நின்று வாலை ஆட்டுகிறது!

அந்த அம்மா என்னைத் தூக்கிவிட்டு, தேத்தண்ணி தந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கம் சொன்னார். நாய் துரத்துவது உங்களை இல்லை மிஸ், ஓடுகிற சக்கரத்தை. சக்கரம் நின்றால் அதற்கு வேலை இல்லை. இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். வீடு தாண்டின பிறகு ஏறிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

மறுநாள் அதே நாயிடம் அப்படியே செய்து பார்த்தேன். நாய் முன் சக்கரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்கிற மாதிரித் திரும்பிப் போனது. மகியங்கனையில் இருந்த ஏழு வருஷமும் ஒரு நாய்கூட என்னைக் கடிக்கவில்லை.

2. பெரட்டு கலைந்த பிறகு

மாற்றம் கிடைத்து எங்கள் மலைக்கே வந்தேன். தெமோதரைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டம். சொந்த ஆட்கள், சொந்தப் பாஷை, இனி என்ன பயம் என்று வந்தவளுக்கு லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டு நாய்கள் வேறு பாடம் எடுத்தன.

காலையில் பெரட்டு. ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுவார்கள். அது கலைந்ததும் ஆணும் பெண்ணும் மலைக்குப் போய்விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் ஆயா பார்க்கிற பிள்ளைக் காம்பராவுக்கு, பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. அதற்கப்புறம் லயத்தில் யார் இருக்கிறார்கள்? நாய்தான். இருபது காம்பரா வீடு வரிசையாக இருக்கிற ஒரு லயத்துக்கு நாலைந்து நாய். ஆட்கள் இருக்கும்போது அவை ஊர்ப்பட்ட சோம்பேறிகள். யார் மிதித்தாலும் கண்ணைத் திறக்காது. ஆட்கள் போனதும் லயமே அவற்றின் பொறுப்பு.

நான் போனது சரியாக அந்த நேரத்தில். ஒன்பதரை மணிக்கு, கையில் பையோடு, தெரியாத வாசனையோடு. நாலு நாய் ஒன்றாக இறங்கி வந்தன.

அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது லயத்துச் சுவர். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டமாக வருகிற நாய்கள் முதுகுப் பக்கம்தான் தேடும். முதுகு கிடைக்காவிட்டால் பாதித் தைரியம் போய்விடும். குனிந்து கல் எடுக்கிற மாதிரிப் பாவனை காட்டினேன். மூன்று பின்வாங்கின. குட்டி போட்ட நாயிடம் மட்டும் இந்தப் பாவனை வேண்டாம். இன்னும் மூர்க்கமாகும். நாலாவது அதுதான். குட்டிகள் விறகு அடுக்குகிற கொட்டகையில், மடுவத்தில் கிடந்தன. அதற்கு நான் வழி விட்டேன். ஒரு அடி, இன்னொரு அடி என்று பக்கவாட்டில் நகர்ந்தேன். அதுவும் விட்டுவிட்டது.

அதிலிருந்து நேரத்தை மாற்றிக்கொண்டேன். கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் நேரத்தில் போவேன். ஆள் இருக்கிற லயத்தில் அதே நாய் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆனால் இருக்கிற எல்லா வீட்டையும் அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்து முடிக்க முடியுமா? முடியாது.

3. கோப்பித்தூள்

குரைக்கிற நாயைப் பார்த்துப் பார்த்துச் சத்தம் போடாத நாயை மறந்துவிட்டேன். ஒரு நாள் மலைத் தண்ணி விழுகிற பீலிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கெண்டைக்காலில் சுருக்கென்று ஒன்று. திரும்பிப் பார்த்தால் நாய் தேயிலைக்குள் போய்க்கொண்டிருக்கிறது, காலில் ரத்தம்.

ஒரு அக்கா கை நிறையக் கோப்பித்தூளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "மிஸ், இதப் போட்டு அமுக்குங்க, ரத்தம் நின்டுரும்!"

"ஐயோ அக்கா, அதக் குடிக்கிறதுக்கு வைங்க! சவர்க்காரம் கொண்டாங்க!"

பீலித் தண்ணியில் காலை நீட்டிக்கொண்டு கால் மணி நேரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். இதைத்தான் க்ளினிக்கில் எல்லாருக்கும் நான் சொல்லிக் கொடுப்பது. ஓடுகிற தண்ணி, சவர்க்காரம், கால் மணி நேரம். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரி. தெரிந்த நாய், வீட்டு நாய், லேசான கீறல் என்ற பேச்செல்லாம் வேண்டாம். ஊசி போட்டே ஆகணும். தவணை தவறாமல் போட்டுக்கொண்டேன்.

காயம் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. இத்தனை வருஷம் தைரியமாகத் திரிந்தவள், ஒரு நாய் படியில் படுத்திருந்தால் அந்தப் படியை மிதிக்க மாட்டேன். வெளியில் சொல்ல வெட்கம். கைக்குழந்தைக்கு ஊசி போடுகிறவள் நாய்க்குப் பயந்தவள் என்றால் சிரிக்க மாட்டார்களா?

4. பூட்டு

எங்கள் டயரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. போய்ப் பார்த்தால் பார்த்ததை எழுதணும். பார்க்கவில்லை என்றால் காரணம் எழுதணும். நாங்கள் எழுதுகிற காரணம் இரண்டுதான். ஒன்று, இடம் மாறிப் போய்விட்டார்கள். இன்னொன்று, வீடு பூட்டு. நாய் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதினால் கேலி. அதனால் நாய் நின்ற வீட்டுக்கெல்லாம் "வீடு பூட்டு" என்று எழுதினேன். நான் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்தின் மேல் டிவிஷனை ஆட்கள் மேல்கணக்கு என்பார்கள். அங்கே கடைசி லயத்தில், கடைசிக் காம்பராவில் யோகேஸ்வரி இருந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளை, எட்டாம் மாசம். புருஷன் கொழும்பில் கடையில் வேலை. மாமியார் பார்வதியக்கா காலையில் கொழுந்துக்குப் போனால் மத்தியானம்தான் வருவார். அந்த வீட்டுப் படியில் ஒரு பெரிய சாம்பல் நிற நாய், ஒரு காது கிழிந்தது. லயத்து ஆட்கள் அதற்கு வைத்த பேர் கணக்கப்பிள்ளை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு தம்பி சொன்னான்: "அந்தப் பக்கம் போற வர்ற ஆளையெல்லாம் நின்டு எண்ணும் மிஸ். ஒரு ஆள் கூடுனாலும் விடாது." புருஷன் கொழும்புக்குப் போனதிலிருந்து அது யோகேஸ்வரியின் வாசலை விட்டு நகர்வதில்லையாம். அவள்தான் சோறு போடுகிறாள்.

அந்த மாச க்ளினிக் நாளில் மழை. பாதையில் மண் சரிந்து பஸ் ஓடவில்லை. யோகேஸ்வரி வரவில்லை. க்ளினிக்குக்கு வராத கர்ப்பிணியை வீட்டுக்குப் போய்ப் பார்த்தே ஆகணும் என்பது விதி. போனேன். படியில் கணக்கப்பிள்ளை எழுந்து நின்றது. குரைக்கவில்லை, உதட்டை மட்டும் தூக்கிப் பல்லைக் காட்டியது. குரைக்காத நாய் என்றதும் என் கெண்டைக்கால் தானாக இழுத்துக்கொண்டது.

"யோகேஸு" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். ஊருக்குக் கேட்கவா கூப்பிட்டேன்? நாய்க்குக் கேட்டுவிடக் கூடாதே என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பி வந்து எழுதினேன்: வீடு பூட்டு.

நாலு நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடி அதே படி, அதே நாய், அதே சத்தமில்லாத கூப்பாடு. வீடு பூட்டு.

மாதக் கூட்டத்தில் எங்கள் மேற்பார்வை சிஸ்டர் டயரிகளைப் புரட்டுவார். பதுளை டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண், முஸ்லிம். பேச்சு இனிப்பு, கண் ஊசி. என் டயரியில் விரலை வைத்தார்.

"என்னா புள்ள இது? ரெண்டு தரமும் பூட்டா? எட்டு மாச வயித்தத் தூக்கிட்டு அந்தப் புள்ள எங்க போவா?"

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் சிஸ்டர்."

"போன் எடுத்துப் பாத்தியா?"

"மேல்கணக்குல சிக்னல் இல்ல சிஸ்டர்."

சிக்னல் இல்லை என்பது மட்டும்தான் அதில் உண்மை. சிஸ்டர் டயரியை மூடினார். "நாளைக்கே போ. அம்மா வீடுன்னா அது எந்தத் தோட்டம்னு கேட்டுட்டு வா" என்றார். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பொய் சொல்லி, அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

5. பத்தொன்பது கதவு

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மேல்கணக்குப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு குரல். பார்வதியக்கா.

"மிஸ்! எங்க வீட்டுக்கா போறீங்க?"

"ஆமாக்கா! யோகேஸு இருக்கா?"

"எங்க போவா மிஸ்? வீட்டுலதான் கெடக்கா! ரெண்டு நாளா தலவலி தலவலின்னு எந்திரிக்கல! கண்ணுல பூச்சி பறக்குதுங்கிறா! இன்னைக்கு நானே ஒங்களத் தேடி வரலாம்னு இருந்தேன்!"

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எட்டாம் மாசம், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி. எந்த மருத்துவமாதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள், அது பிரஷர். நேரம் கடந்தால் வலிப்பு வரும். தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். நான் இரண்டு தடவை பூட்டுப் போட்ட வீட்டுக்குள் அந்தப் பிள்ளை படுத்துக் கிடக்கிறது.

"நான் எறங்கி வர்றேன் மிஸ்!" என்று பார்வதியக்கா கூடையைக் கழற்றினார். "அது வரைக்கும் நில்லுங்க! கணக்கப்பிள்ளை நிக்கும்!"

ஓடையைச் சுற்றி வர அரை மணி நேரமாவது ஆகும். நிற்கலாம். நிற்கச் சொன்னது வீட்டுக்காரியே. யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு நிமிஷம் நின்றேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு ஏறினேன்.

லயத்து வாசலில் ஈ காக்கா இல்லை. கடைசிப் படியில் கணக்கப்பிள்ளை எழுந்தது. இந்தத் தடவை தொண்டை கிழியக் கத்தினேன்: "யோகேஸு! ஏ யோகேஸு!" உள்ளே ஒரு பாத்திரம் உருண்ட சத்தம். அப்புறம் ஓங்கரித்து வாந்தி எடுக்கிற சத்தம். வேறு பதில் இல்லை.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். பயம் இருந்தது. ஆனால் கால் திரும்பவில்லை.

நேராகப் போனால் பாயும். அதனால் லயத்தின் மறு கோடிக்குப் போய், முதல் காம்பராவில் இருந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி நகர்ந்தேன். மழைக்குக் கொண்டுவந்த குடையைச் சட்டென்று விரிக்காமல், மெதுவாக விரித்து முன்னால் பிடித்துக்கொண்டேன். வெடுக்கென்று விரித்தால் சில நாய் ஓடும், சில நாய் பாயும். இது எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. நாயின் கண்ணைப் பார்க்காமல் அதன் காலைப் பார்த்தேன். வாய் மட்டும் விடாமல் பேசியது. "கணக்கப்பிள்ளை ஐயா, நான்தான். என் பேரையும் போட்டுக்குங்க. ஒரு ஆள் கூடுனா என்ன, குடி முழுகியா போகும்? உள்ள போகணும் ராசா, அந்தப் பிள்ளைக்கு முடியல ராசா." என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை. குரல் தாழ்ந்து, ஒரே சீராக இருக்கணும். நம் காதுக்கும் அது நல்லது.

நகரும்போது என் முதுகு ஒவ்வொரு கதவாக உரசிக்கொண்டு போனது. ஒவ்வொரு கதவிலும் பூட்டு. இரும்புப் பூட்டு, பித்தளைப் பூட்டு, ஒன்றில் கம்பி கட்டி முறுக்கியிருந்தார்கள். பத்தொன்பது கதவு, பத்தொன்பதும் உண்மையாகவே பூட்டு. இருபதாவது கதவில் மட்டும் பூட்டு இல்லை, சும்மா சாத்தியிருந்தது. அந்த லயத்தில் என் டயரியில் பூட்டியிருந்த ஒரே கதவு அது.

ஒரு இஸ்தோப்பு மிச்சம் இருக்கும்போது நாய் வந்தது. குடையைத்தான் கவ்வியது. துணி கிழிகிற சத்தம் கேட்டது. இழுத்துப் பார்க்கத் தோன்றும். இழுக்கக் கூடாது. இழுத்தால் அதற்கு அது சண்டை. விட்டுவிட்டேன். வாயில் ஒன்று அகப்பட்டால் நாய்க்குக் கொஞ்ச நேரம் வேறு ஞாபகம் வராது. அது குடையை உதறிக்கொண்டு நிற்க, நான் பக்கவாட்டில் நாலு எட்டு வைத்துக் கதவைத் தள்ளி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

யோகேஸ்வரி பாயில் கிடந்தாள். முகம் பொதுபொதுவென்று வீங்கி, கண் சின்னதாகிவிட்டது. காலை அமுக்கினால் குழி விழுந்தது, குழி எழவே இல்லை. "மிஸ், வெளிச்சத்தப் பாக்க ஏலாம இருக்கு. நெஞ்சுக்குழி வலிக்குது" என்றாள். இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, ஜன்னலில் துணியைத் தொங்கவிட்டேன். வலிப்பு வந்துவிடாதே, வந்துவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் எடுத்துப் பார்த்தேன், ஒரு கோடுகூட இல்லை.

வெளியே பார்வதியக்காவின் குரல்: "ஏய் கணக்கு! என்னா வேல பாத்து வச்சிருக்க? தள்ளுடா அங்குட்டு!" அவ்வளவுதான். இத்தனை பாடுபடுத்தின நாய் வாலைக் குழைத்துக்கொண்டு இறங்கிப் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வேன்!

சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கோயில் மேடு. பார்வதியக்கா அங்கே ஓடித் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போன் செய்தார். கொழுந்து லொறி வந்தது. கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் லயத்திலிருந்து பாதைக்குத் தூக்கி வந்தார்கள். கணக்கப்பிள்ளை சத்தம் இல்லாமல் கதிரைக்குப் பின்னாலேயே வந்தது. லொறி வளைவு திரும்பும்வரை பாதை நடுவில் நின்றது. மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

பதுளை பெரியாஸ்பத்திரி வார்டுக்கு வெளியே இருட்டும்வரை நின்றேன். டொக்டர் வெளியே வந்து, "பிரஷர் இறங்குது. நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க மிஸ், நல்ல வேலை" என்றார். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பார்வதியக்கா என் தலையைத் தடவிக் கொடுக்கிறார். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

இரண்டாம் நாள் ஆபரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை.

6. சிஸ்டர் கேட்ட கேள்வி

லயத்தில் என் பேர் ஓகோ என்று போனது. நாய் கடிக்க வந்தும் மிஸ் உள்ளே போய்விட்டார் என்று பிள்ளைக் காம்பரா வரை பேச்சு. எனக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆபீசுக்குப் போய் சிஸ்டரிடம் டயரியைத் திறந்து வைத்தேன். "இந்த ரெண்டு பூட்டும் பொய் சிஸ்டர். நாய் நின்டுச்சு. பயந்து திரும்பிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டினார், சும்மா இல்லை, காது கூசத் திட்டினார். "நாய்னு எழுதியிருந்தா நான் கூட வந்திருப்பேனே! நாய்க்கு ஊசி போட பி.எச்.ஐ. ஐயாவ அனுப்பியிருப்பேனே! பூட்டுக்கு நான் என்னத்தப் புள்ள செய்யிறது? பூட்டுன்னா திரும்பி வர்றதத் தவிர வேற வழி இருக்கா?" பிறகு பேனாவைத் தந்தார். இரண்டு வரிக்கும் பக்கத்தில் என் கையாலேயே எழுதச் சொன்னார்: நாய் மறித்தது, வீட்டுக்குள் போகவில்லை. கையெழுத்தும் போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் எல்லாரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "இந்த மாசம் எழுதின பூட்டுல, யார் யார் பூட்டுக்குள்ள நாய் இருக்கு?"

நான் கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கை. அப்புறம் ஒன்று, இரண்டு, கடைசியில் நாற்காலியில் இருந்த முக்கால்வாசிப் பேரும் தூக்கிவிட்டார்கள். யாரோ சிரித்தார்கள், எல்லாரும் சிரித்தோம். எத்தனை வருஷத்துப் பாரம் அது!

அதிலிருந்து நாய் இருக்கிற வீட்டுக்கு டயரியில் நாய் என்றே எழுதுகிறோம். அந்த வீட்டுக்கு ஆள் இருக்கிற நேரத்தில் போகிறோம், இல்லாவிட்டால் இரண்டு பேராகப் போகிறோம். சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயா தடுப்பூசி ஆட்களை மேல்கணக்குக்கே கூட்டிவந்தார். கணக்கப்பிள்ளையின் கழுத்தைப் பார்வதியக்கா கட்டிப் பிடித்துக்கொள்ள, அதற்கும் ஊசி போட்டார்கள். அது கத்தின கத்தலைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த யோகேஸ்வரியைப் பார்க்கப் போனேன். என் கிழிந்த குடை இஸ்தோப்பு மூலையில் கிடந்தது, அதன் மேல் கணக்கப்பிள்ளை படுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு காதைத் தூக்கியது, பிறகு விட்டுவிட்டது. பிள்ளையை நிறுத்துப் பார்த்தேன், எடை கூடியிருந்தது. பையைக் கட்டும்போது மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

"யோகேஸு, அன்னைக்கு வந்தது மொத தடவ இல்ல. அதுக்கு முன்னுக்கு ரெண்டு தடவ படி வரைக்கும் வந்து திரும்பிப் போயிட்டேன். நாய்க்குப் பயந்து."

அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "தெரியும் மிஸ். ஒங்க சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு வந்து கதவத் தொறக்குறதுக்குள்ள போயிட்டீங்க."

அவளே சிரித்தாள். "அதான் மூணாந்தரம் வந்துட்டீங்கள்ல. விடுங்க மிஸ், பிள்ளையப் பாருங்க, ஒங்களத்தான் பாக்குது."

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குடை கொண்டு போங்கள். ஓடாதீர்கள். முதுகைக் காட்டாதீர்கள். கடித்தால் சவர்க்காரம், தண்ணி, ஊசி. பயந்தால் பயந்தேன் என்றே எழுதுங்கள். இன்னொன்று, படிக்குக் கீழே நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்கும்படி பலமாகக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு நில்லுங்கள். முடியாதவர்கள் எழுந்து கதவுக்கு வர நேரம் ஆகும்.